எதைப் புதிதாகப் போடுவது, எதைப் பழையதாகவே விடுவது

திருத்துறைப்பூண்டி வட்டாரத்தில் பழைய புல்லட் வைத்திருப்போருக்கும், அவற்றை ஓட வைத்துத் தரும் மெக்கானிக்குகளுக்கும் ஒரு திறந்த மடல்

இரும்பு சிலிண்டர் வைத்த புல்லட் 350க்கு இன்றைக்கும் ஏறத்தாழ எல்லாச் சாமானும் புதிதாகக் கிடைக்கிறது. ஐம்பது அறுபது வருடத்து மோட்டார் சைக்கிளுக்கு இது லேசில் வாய்க்காத வசதி. காரணம் சென்னை திருவொற்றியூர் ஆலை. 1950களின் தொடக்கத்தில் இந்திய இராணுவம் எல்லைக் காவலுக்காக 800 புல்லட் வாங்க ஆர்டர் கொடுத்தது. அதையொட்டி 1955இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் கப்பலில் வந்த பாகங்களை இங்கே பூட்டினார்கள். 1957இல் தயாரிப்புக் கருவிகளையே இங்கிலாந்து விற்றுவிட்டது. 1962க்குள் எல்லாப் பாகமும் இங்கேயே தயாராகின. 1970இல் இங்கிலாந்துத் தாய் நிறுவனம் உற்பத்தியை நிறுத்திய பிறகும் சென்னையில் வேலை நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 346 சி.சி. என்ற அதே என்ஜின் 2000களின் இறுதிவரை தயாரானது. மைசூரில் 1996இல் மூடிய ஐடியல் ஜாவாவின் யெஸ்டிக்கு இந்தத் தொடர்ச்சி வாய்க்கவில்லை.

சாமான் தாராளமாகக் கிடைப்பதே பழைய வண்டிகளுக்கு ஆபத்தாகவும் முடிகிறது. டேங்க், மட்கார்டு, ஹெட்லைட் ஹவுசிங், டூல் பாக்ஸ், சைலன்சர் என்று ஒரு பெட்டி நிறையப் புதுத் தகரம் வந்து இறங்கும். பழையதெல்லாம் எடைக்குப் போகும். மாதம் ஒன்று கழித்து வெளியே வருவது பளபளப்பான வண்டிதான். ஆனால் தாத்தா ஓட்டிய வண்டியில் மிச்சமிருப்பது ஆர்.சி. புத்தகம் மட்டுமே. புல்லட்டில் தேய்வதற்கென்றே செய்த பாகங்கள் உண்டு: பிஸ்டன், ரிங், புஷ், பேரிங், செயின், கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங், ஆயில் சீல், ரப்பர், வயர். இவற்றைப் புதிதாகப் போடுவதில் தயக்கமே வேண்டியதில்லை. சேசிஸ், கிராங்க் கேஸ், கியர் பாக்ஸ் கூடு, டேங்க், கனமான பழைய தகரம் ஆகியவை தேய்வதில்லை. துருப்பிடிக்கும், நசுங்கும், விரிசல் விடும். மூன்றையுமே சரிசெய்ய முடியும். இந்த இரண்டு வகையையும் பிரித்துப் பார்ப்பதில்தான் புதுப்பிக்கும் வேலையின் தரம் இருக்கிறது.

டெல்டாவில் வண்டி கெடும் விதமும் தனி. வேதாரண்யம், முத்துப்பேட்டைப் பக்கத்துக் கடற்காற்றில் உப்பு இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை மாதக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். நிறுத்திவைத்த இடம் மாட்டுக் கொட்டகையாக இருந்தால், அங்கே எழும் அம்மோனியா செம்பு, பித்தளைப் பாகங்களை அரித்துவிடும். ஹாரன் டெர்மினல், லைட் ஹோல்டர், கார்புரேட்டருக்குள் இருக்கும் ஜெட் எல்லாம் பச்சை பூத்து நிற்பது இதனால்தான். வைக்கோல் பக்கத்தில் இருந்தால் எலி வயரை விட்டுவைத்திருக்காது. இப்படிப்பட்ட வண்டிக்குப் பழைய வயரிங்கை ஒட்டுப்போட்டு ஓட்டுவதைவிட, முழு வயரிங் ஹார்னஸையும் புதிதாக மாற்றுவதே பாதுகாப்பு. பழைய 6 வோல்ட் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றுவதானால் பேட்டரியோடு நிற்காமல் காயில், ரெகுலேட்டர், பல்பு, ஹாரன் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியை, அது 2018 நவம்பர் 16 கஜா புயலின்போது நனைந்ததாக இருந்தாலும், பின்னால் வந்த மழையில் நனைந்ததாக இருந்தாலும், எடுத்தவுடன் கிக்கரை மிதிக்கக் கூடாது. சிலிண்டருக்குள் துரு கோத்திருக்கும்; ரிங் பிடித்துக்கொண்டிருக்கும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, பிளக் துளை வழியாக மெல்லிய ஆயில் ஊற்றி இரண்டு மூன்று நாள் ஊறவிட்டு, பிறகு டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். வடித்த ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது என்று பொருள். அந்த என்ஜினைப் பிரிக்காமல் ஓட்டினால் கிராங்க் போய்விடும்.

நல்ல என்ஜினையும் வீணாகப் பிரிக்க வைக்கும் ஓர் அடையாளம் உண்டு. பல மாதம் சும்மா நின்ற புல்லட்டை ஸ்டார்ட் செய்தால் சைலன்சரிலிருந்து கெட்டியான வெள்ளைப் புகை வரும். உடனே ரிங் போய்விட்டது, போரிங் போட வேண்டும் என்று தீர்மானித்துவிடுவார்கள். புல்லட்டில் ஆயில் இருப்பது கிராங்க் கேஸுக்குள்ளேயே தனியாகத் தடுத்த ஓர் அறையில். வண்டி நெடுநாள் நின்றால் அந்த ஆயில் பம்பின் இடுக்கு வழியாகக் கசிந்து, கிராங்க் சுழலும் பக்கத்தில் சேர்ந்துவிடும். முதல் சில நிமிடம் எரிவது அந்த ஆயில். அதை வடித்துவிட்டு, அளவான புது ஆயில் ஊற்றி, என்ஜின் நன்றாகச் சூடாகும்வரை ஓட்டிப் பார்த்த பிறகும் புகை நிற்காவிட்டால்தான் சிலிண்டரைக் கழற்ற வேண்டும்.

கழற்றிய சிலிண்டரைக் கண்ணால் பார்த்து முடிவு சொல்வதில் பிழை நேரும். சிலிண்டரின் மேல் ஓரத்தில், ரிங் எட்டாத இடத்துக்குக் கீழே, விரல் நுனியில் ஒரு படி தட்டுப்படும். அந்தப் படி எவ்வளவு ஆழமோ அவ்வளவு தேய்மானம். ரிங் ஓடும் பகுதியை மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், ஒவ்வோரிடத்திலும் குறுக்கும் நெடுக்குமாக, போர் டயல் வைத்து அளக்க வேண்டும். ஏனெனில் சிலிண்டர் வட்டமாகத் தேய்வதில்லை. பிஸ்டன் அழுத்தும் முன்பின் பக்கங்களில் கூடுதலாகத் தேய்ந்து முட்டை வடிவம் எடுக்கும். அளவு கம்பெனி வரம்புக்குள் இருந்தால் லேசாக ஹோனிங் செய்து புது ரிங் போட்டாலே போதும்.

போரிங் போடுவது என்பது இரும்பைச் செலவழிப்பது. பிஸ்டன் 20 தௌ, 40 தௌ, 60 தௌ என்ற கூடுதல் அளவுகளில் வருகிறது. ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 20 தௌ ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். ஆக ஒரு சிலிண்டருக்கு மூன்று போரிங்தான் ஆயுள். அதற்கு மேல் ஸ்லீவ் இறக்க வேண்டும். தேவையில்லாத போரிங் ஒன்று போட்டால், அடுத்த தலைமுறைக்குரிய ஒரு போரிங் குறைந்துபோகிறது. தேவை என்று உறுதியானால் முதலில் பிஸ்டனை வாங்க வேண்டும். அந்தப் பிஸ்டனையே லேத் பட்டறையில் கொடுத்து, அதன் அளவுக்கு ஏற்பச் சிலிண்டரைக் கடையச் சொல்ல வேண்டும். பெட்டியில் அச்சடித்த அளவும் உள்ளே இருக்கும் பிஸ்டனின் அளவும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிக் கடைந்தால், பிஸ்டன் சூட்டில் பிடித்துக்கொள்ளலாம், அல்லது தளர்ந்து தட்டலாம். புது ரிங்கையும் அப்படியே மாட்டிவிடக் கூடாது. ஒவ்வொன்றையும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் நேராகத் தள்ளி, வாய் இடைவெளியில் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் ரிங்கின் இரு நுனியும் முட்டிக்கொள்ளும்.

வால்வுக்கும் இதே கவனம் வேண்டும். கிரைண்டிங் பேஸ்ட் போட்டு வால்வைத் தேய்த்த பிறகு, ஹெட்டைக் கவிழ்த்துப் போர்ட்டுக்குள் பெட்ரோல் ஊற்றிச் சில நிமிடம் பொறுத்தால் வேலை தெரிந்துவிடும். வால்வு ஓரத்தில் ஒரு சொட்டு ஈரம் கசிந்தாலும் மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

கீழே கிராங்க் இன்னும் பொறுமை கேட்கும் இடம். பழைய புல்லட்டின் கனெக்டிங் ராடு பெரிய முனையில் மிதக்கும் புஷ் இருக்கிறது. ஆயில் படலம் அதன் உள்ளும் வெளியும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சுத்தமான ஆயில் இருந்தால் அது நெடுங்காலம் உழைக்கும். மணல் புகுந்தால் சீக்கிரமே கெடும். புஷ்ஷுக்குப் பதிலாக ரோலர் பேரிங் வைத்த கிராங்க் செட்டுகள் இப்போது கடைகளில் உண்டு. கிராங்க் பின் கீறல் விழாமல் இருந்தால் புது புஷ்ஷே போதும். பின்னே போய்விட்டிருந்தால் ரோலருக்கு மாறுவதில் குற்றமில்லை. தேயும் பாகத்துக்கு அதைவிட உறுதியான பாகம் வருகிறது, அவ்வளவுதான். எதைப் போட்டாலும் இரண்டு ஃப்ளைவீலையும் சேர்த்தபின் சென்டரில் நிறுத்தி, டயல் கேஜ் வைத்து, ஆட்டமில்லாமல் ட்ரூ பார்த்துத்தான் கேஸை மூட வேண்டும்.

புதுச் சாமானால் புது என்ஜினே பாழாகும் ஓர் இடம் டைமிங் கவர் கேஸ்கெட். ஆயில் பம்பிலிருந்து கிராங்குக்குப் போகும் வழி அந்தக் காகிதத்தில் உள்ள துளைகள் வழியாகவே போகிறது. மலிவாக வெட்டிய கேஸ்கெட்டில் துளை ஒரு நூல் தள்ளி விழுந்திருக்கும், அல்லது அறவே இருக்காது. மாட்டுவதற்கு முன் அதைக் கேஸின் மேல் வைத்து ஒவ்வொரு துளையாக ஒத்துப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் கூட ஆகாது. ஸ்டார்ட் செய்ததும் ஹெட்டுக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். கசியாவிட்டால் அந்த நொடியே என்ஜினை நிறுத்த வேண்டும்.

மரையைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். டெல்டாப் பட்டறைகளில் மிகுதியான பழைய கேஸ்கள் சாவது இதனால்தான். புல்லட் ஆங்கிலேயர் வடிவமைத்த வண்டி. அதன் போல்ட்டுகளில் பி.எஸ்.எஃப்., விட்வொர்த், சைக்கிள் மரை என்று அங்குலக் கணக்கு மரைகள் கலந்து இருக்கும். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், கடையில் எளிதாகக் கிடைக்கும் மெட்ரிக் எட்டு எம்.எம். போல்ட்டும் கைக்கு அதேபோல்தான் தெரியும். ஆனால் சைக்கிள் மரையில் ஓர் அங்குலத்துக்கு 26 சுற்று, பி.எஸ்.எஃப். என்றால் 22, சாதாரண எட்டு எம்.எம்.மில் ஏறத்தாழ 20. ஆகவே தவறான போல்ட் ஒன்றரைச் சுற்றுவரை பிடிவாதமில்லாமல் இறங்கும், பிறகு இறுகும். அங்கே ஸ்பேனரால் ஓர் அழுத்து அழுத்தினால் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, அலுமினியக் கேஸின் மரைதான் சீவிக்கொண்டு வரும். பழைய போல்ட்டுகளைக் கழற்றும்போதே எது எந்தத் துளையிலிருந்து வந்தது என்று அட்டையில் குத்திவைப்பதும், மரை கேஜ் ஒன்று வாங்கிவைப்பதும் பெரிய செலவில்லை. நல்ல பழைய போல்ட்டைச் சுத்தம் செய்து ஜிங்க் பிளேட்டிங் போட்டுத் திரும்ப மாட்டுவதே சிறந்தது.

கடையில் கிடைக்கும் சாமான்கள் மூன்று தரம். கம்பெனி ஸ்பேர் ஒன்று; பல உற்பத்தியாளர்கள் செய்யும் லோக்கல் ஸ்பேர் இன்னொன்று; மூன்றாவது, பழைய கடை அலமாரிகளில் விற்காமல் தங்கிப்போன அந்தக் காலத்து ஒரிஜினல். சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும், கழற்றிய சாமானுக்குப் புதுப்பேட்டையிலும், தொலைவில் டெல்லி கரோல்பாக்கிலும் இவை தேடினால் கிடைக்கும். வாங்கும்போது இரும்பு சிலிண்டர், 2000 வாக்கில் வந்த அலுமினிய லீன் பர்ன் என்ஜின், அதற்குப் பின் வந்த யூனிட் கன்ஸ்ட்ரக்‌ஷன் என்ஜின் மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. புல்லட் என்ற பெயர் ஒன்றுதான், உள்ளே சாமான் வேறு. லோக்கல் என்பதாலேயே ஒன்று மோசமாகிவிடாது. செயின் கார்டோ ஃபுட் ரெஸ்ட் ரப்பரோ எங்கே செய்தாலும் பெரிய கேடில்லை. பாயிண்ட், கண்டென்சர், ஆயில் பம்ப், வால்வு, பிரேக் லைனிங் ஆகியவற்றில் மட்டும் மலிவைத் தேடக் கூடாது. சூடானதும் நின்றுபோய் ஆறியதும் கிளம்பும் வண்டியில், கார்புரேட்டரைப் பிரிப்பதற்கு முன் சந்தேகப்பட வேண்டியது புதிதாகப் போட்ட கண்டென்சரைத்தான்.

குரோம் இன்னொரு ஏமாற்றம். பழைய ரிம்மிலும் சைலன்சரிலும் செம்பும் நிக்கலும் அடியில் பூசி மேலே குரோம் ஏற்றியிருப்பார்கள். இன்றைய மலிவுச் சாமானில் அந்த அடிப்பூச்சு மெலிந்துவிட்டது. ஒரே மழைக்காலத்தில் ஊசித்துளையாகத் துரு எட்டிப் பார்க்கும். ஓட்டை விழாத பழைய ரிம்மைச் சீர்செய்து மறுபடி பிளேட்டிங் போடுவது கூடுதல் செலவானாலும் இந்த ஊர்க் காற்றுக்கு அதுவே நிற்கும். ஸ்போக்ஸ் மட்டும் புதிது வேண்டும், ஸ்டெயின்லெஸ் கிடைத்தால் இன்னும் நல்லது.

பெட்ரோலும் மாறிவிட்டது. இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய ரப்பரை ஊறவைத்து உதிர்க்கும். பெட்ரோல் டியூப், காக்கின் வாஷர், கார்புரேட்டர் ஓ-ரிங் ஆகியவற்றை எத்தனால் தாங்கும் ரப்பரில் போட வேண்டும். மழைக்காலத்தில் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டரை வடித்துவிடுவது அவசியம்.

டேங்கைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒருமுறை யோசிக்கலாம். திருவொற்றியூரில் டேங்கின் மேல் பொன்னிறக் கோடுகளைத் தூரிகை பிடித்துக் கையாலேயே இழுத்தார்கள். பழைய பெயிண்ட்டுக்குக் கீழே அந்தக் கோடு இன்னும் இருந்தால், அதைச் சுரண்டுவதற்கு முன் அதன் அகலத்தையும் வளைவையும் தாளில் படியெடுத்துக்கொண்டால் நம் ஊரில் போர்டு எழுதிப் பழகிய கை ஒன்று அதைத் திரும்ப எழுதிவிடும். புது டேங்கின் ஸ்டிக்கரால் அது முடியாது.

சேசிஸை மணல் அடித்துச் சுத்தம் செய்வதிலும் பவுடர் கோட்டிங் போடுவதிலும் ஒரு பெரிய எச்சரிக்கை உண்டு. ஹேண்டில் கழுத்தருகே குத்தியிருக்கும் சேசிஸ் நம்பரும், கிராங்க் கேஸில் இருக்கும் என்ஜின் நம்பரும்தான் சட்டத்தின் கண்ணில் அந்த வண்டி. மணல் அடித்தால் எழுத்து மழுங்கும். பவுடர் ஏறினால் பள்ளம் நிரம்பிவிடும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கான படிவத்தில் அந்த நம்பரின் மேல் தாளை வைத்து பென்சிலால் தேய்த்தெடுத்த படி ஒட்ட வேண்டும். எழுத்து விழாவிட்டால் வேலை அங்கேயே நிற்கும். வேலை தொடங்கும் முன் அந்த இடத்தை டேப்பால் மூடிவிட வேண்டும். கிராங்க் கேஸ் உடைந்து வேறு கேஸ் மாற்றுவதானால் அதை ஆர்.சி.யில் பதியாமல் ஓட்டக் கூடாது; பழைய நம்பரைப் புதுக் கேஸில் குத்தித் தருவதாக யார் சொன்னாலும் அது குற்றம்.

ஆகவே காகிதத்தைச் சாமானுக்கு முன்பே பார்த்துவிடுவது புத்திசாலித்தனம். இங்கே பல வண்டிகளின் புத்தகத்தில் தஞ்சாவூர் மாவட்டம் என்றுதான் இருக்கும். திருவாரூர் மாவட்டம் பிறந்தது 1997இல். வண்டி காலமானவர் பெயரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றிதழோடு படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். பதிவு முதலில் 15 வருடத்துக்கு. பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பு 20 வருடம் தாண்டிய மோட்டார் சைக்கிளுக்குப் புதுப்பிப்புக் கட்டணத்தை 2,000 ரூபாயாக வைத்தது. பசுமை வரியும் தாமதக் கட்டணமும் தனி.

50 வருடம் கடந்த வண்டிக்கு 2021 ஜூலையில் மத்திய அரசு விண்டேஜ் பதிவு என்று ஒரு வழியைத் திறந்தது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், பிறகு புதுப்பிக்க 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவில் இரண்டு நிபந்தனை இருக்கிறது. வண்டி மூல வடிவத்திலேயே பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும். சேசிஸிலோ உடற்கூட்டிலோ என்ஜினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அடுத்து, கண்காட்சி, ஊர்வலம், பழுதுபார்ப்பு போன்ற காரணங்களுக்கன்றி அன்றாடம் ரோட்டில் ஓட்டக் கூடாது. முதல் நிபந்தனை, மேலே சொன்ன பழையதைக் காக்கும் வாதத்துக்குச் சட்டமே தரும் பலம். இரண்டாவது நிபந்தனையால், வயலுக்கும் கடைத்தெருவுக்கும் வண்டியை எடுக்க விரும்புவோருக்குச் சாதாரணப் பதிவைப் புதுப்பிப்பதே பொருத்தம்.

எல்லாம் பூட்டியபின் செட்டிங். டேப்பெட் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டியது: புஷ் ராடு விரலால் தடையின்றிச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. பாயிண்ட் இடைவெளி 0.35இலிருந்து 0.40 மில்லிமீட்டர். டைமிங் 0.8 மில்லிமீட்டர், அதாவது பிஸ்டன் உச்சத்தைத் தொட அவ்வளவு தூரம் இருக்கும்போது பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும். பிளக் துளையில் ஸ்போக்கை விட்டுப் பார்க்கும் வழக்கம் உச்சத்தைக் காட்டும், 0.8ஐக் காட்டாது, டயல் கேஜ் வேண்டும். பாயிண்ட் நடுவே மெல்லிய தாளைச் செருகி லேசாக இழுத்தபடி என்ஜினை மெள்ளச் சுற்றினால், தாள் விடுபடும் கணமே திறக்கும் கணம்.

ஸ்டார்ட் செய்ய ஆம்பியர் மீட்டர் வழிகாட்டும். சாவி போட்டுக் கிக்கரை மெதுவாக இறக்கும்போது முள் சரிவிலிருந்து நடுவுக்குத் திரும்பும் இடத்தில் பாயிண்ட் திறந்துவிட்டது. அங்கே டிகம்ப்ரஸரைப் பிடித்துக் கிக்கரை இம்மியளவு நகர்த்தி, டிகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. இதை விட்டுவிட்டு வெறுமனே மிதிப்பவர்களின் கணுக்காலைத்தான் புல்லட் திருப்பி உதைக்கிறது.

புது பிஸ்டன் பழகும்வரை, முதல் 500 கிலோமீட்டருக்கு மணிக்கு 50ஐத் தாண்டாமல் ஓட்ட வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முத்துப்பேட்டை வரை மேடே கிடையாது. அங்கே ஒரே வேகத்தில் ஒரே ஆக்ஸிலேட்டரில் போய்க்கொண்டிருந்தால் ரிங் சரியாகப் பதியாது. ஏற்றியும் குறைத்தும் ஓட்டி, இடையிடையே நிறுத்தி ஆறவிட வேண்டும். 500 கிலோமீட்டர் ஆனதும் ஆயிலை வடித்து ஃபெல்ட் ஃபில்டரை மாற்றி, என்ஜின் முழுக்க ஆறிய பிறகு ஹெட் நட்டுகளை எதிர் எதிராக ஒருமுறை இறுக்கி, டேப்பெட்டையும் பாயிண்டையும் திரும்ப அளந்துவிட்டு, 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றலாம்.